கரடிக்க பக்கமா, கடுவாக்க பக்கமா?

எலே மக்கா, நாலு பொறோட்டாவுக்கும் ஒரு பிளேட் பீப்புக்கும் பந்தயம் கட்டிட்டு, தீர்ப்புச் சொல்ல இந்தப் பாட்டாவைத் தேடி வந்தியளே, உங்களுக்க புத்திக்கு ஒரு கும்பிடு. களியக்காவிளைக்காரப் பய கடுவாக்குக் கட்டியிருக்கான். சிறுத்தை இல்ல, வரிபோட்ட பெரிய புலி. பாறசாலைக்காரப் பய கரடிக்குக் கட்டியிருக்கான். ரெண்டு பேரும் இதுவரை நேருக்கு நேரா நின்னு பாத்த பெரிய மிருகம், சந்தைக்கு அறுக்கக் கொண்டுவந்த எருமை மட்டும்தான். அதுவும் கயித்தை அறுத்துட்டு ஓடினப்போ எவன் எந்தக் கடைக்குள்ள ஏறி ஷட்டரை இழுத்தான்னு நான் இங்க சொல்லப் போறதில்ல.

நடுவருக்கு முதல்ல ஒரு கட்டன் சாயா சொல்லு. ரெண்டு கட்சியும் ஆளுக்கொரு வடை. கைக்கூலி இல்ல, கோர்ட்டு பீஸாக்கும்.

தராசை எடுப்போம். நம்ம அகத்தியர் மலையில உள்ளது செதலும் தேனும் தின்னுத கரடி. ஆணு 80 கிலோவுலேருந்து 145 கிலோ வரை வரும். பெண்ணு 55லேருந்து 95. கடுவாயில ஆணுக்கு 200 கிலோ சாதாரணம், அதுக்கு மேலயும் உண்டு. பெண் கடுவாயே ஆண் கரடிக்குச் சமமா நிக்கும். தராசு பாத்துத் தீர்ப்பு எழுதுததா இருந்தா களியக்காவிளைக்காரன் ஜெயிச்சாச்சு, பொட்டலத்தைப் பிரி, எல்லாரும் வீட்டுக்குப் போ. ஆனா தராசுதான் சண்டையை முடிவு பண்ணும்னா, நம்ம ஊர்ல கல்யாணம் கட்டின ஆம்பளை ஒருத்தனும் வீட்டுக்காரிகிட்டத் தோத்திருக்க மாட்டான்.

அடுத்து ஆயுதம். கரடிக்க நகம் கூந்தாலி, கடுவாக்க நகம் பால்வெட்டுக் கத்தி. கூந்தாலியை உறையில போட முடியாது. கரடி விரல் நீளத்துக்கு நகத்தை வெளிய நீட்டிக்கிட்டேதான் நடக்கும். செதப்புத்தைத் தோண்டுததுக்கு உண்டான நகமாக்கும் அது. சண்டைக்குன்னு செஞ்சதில்ல, ஆனா ஒரு முகத்துல பட்டா முகம் பழைய முகமா இருக்காது. கடுவா கத்தியை உறையில வச்சிக்கிட்டே சத்தமில்லாம வரும், வேண்டியப்போ மட்டும் உருவும். பல்லை எடுத்தா, கடுவாக்க கோரைப்பல்லு உனக்க நடுவிரலு நீளம் இருக்கும். கரடிக்கு மேல்வரிசையில முன்பல்லு ரெண்டு கிடையவே கிடையாது. அந்தச் சந்துல நாக்கை வச்சிச் செதலை உறிஞ்சும். அந்தச் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பால நிக்கவனுக்கும் கேக்கும். பாறசாலைக்காரா, நீ பொறோட்டா கட்டியிருக்கது முன்பல்லு ரெண்டு இல்லாத ஆளுமேல. தெரிஞ்சிக்கோ.

உடனே அவனுக்க மூஞ்சி வாடுது. பொறு மக்கா, தீர்ப்பு இன்னும் ஆவல்ல.

கடுவாயை நீங்க சண்டைக்காரன்னு நினைக்கிய பாத்தியளா, அங்கயாக்கும் தப்பு. கடுவா சண்டைக்காரன் இல்ல, கொலைகாரன். சண்டைன்னா ரெண்டு பேருக்கும் தெரியணும். கடுவாக்க தொழில்ல எதிராளிக்குத் தெரியவே கூடாது. புல்லுக்குள்ள பதுங்கி, பின்னாலேருந்து பாஞ்சு, பிடரியிலயோ தொண்டையிலயோ ஒரு கடி. முடிஞ்சுது. அப்படியிருந்தும் பத்துத் தடவை பாஞ்சா ஒரு தடவை கிடைச்சாலே அதிகமாம். எதிராளி திரும்பிப் பாத்துட்டா, கடுவாக்குப் பாதி உற்சாகம் போயிரும்.

கரடிக்கோ திரும்பிப் பாக்குததுதான் தெரிஞ்ச ஒரே வித்தை. கழுத்தைச் சுத்திக் காடுபோல மயிரு. பல்லு இறங்குததுக்கு முன்னே வாய் நிறைய மயிராக்கும். பிடிச்ச பிடி கொஞ்சம் நழுவினா கரடி எழும்பி, ரெண்டு கையையும் விரிச்சிக்கிட்டு, கேக்கவே சகிக்காத ஒரு கத்து கத்தும்.

2018 பெப்ரவரியில மகாராஷ்டிராவுல தடோபா காட்டுல நடந்ததை எனக்க பேரன் போன்ல காட்டினான். வெயில் காலத்துல வெள்ளம் குடிக்க ஒரு தாய்க்கரடி குட்டியோட வருது. அங்க மட்காசுர்னு பேருபோட்ட ஆண் கடுவா. அந்த ஏரியாவுக்கு அதுதான் ராஜா. பாஞ்சு போய்க் கரடியைக் கடிச்சு, கீழ தள்ளி, மேல ஏறி உக்காந்தாச்சு. இந்த இடத்துல வீடியோவை நிறுத்தியிருந்தா களியக்காவிளைக்காரனுக்குப் பொறோட்டா. ஆனா அந்தக் கரடி செத்துக் குடுக்கல்ல. புரண்டு எழும்பிச்சு, அடிச்சுது, கத்திச்சு, திரும்பத் திரும்ப மேல விழுந்துச்சு. ரெண்டுக்கும் நல்ல காயம். கடைசியில குட்டியும் பிழைச்சுது, தாயும் நடந்து போச்சு. ராஜா அவனுக்க வழியப் பாத்துப் போனான்.

இதைப் பாத்துட்டுப் "பாத்தீரா பாட்டா, கடுவா பேடி"ங்கான் பாறசாலைக்காரன். எலே, உனக்க வீட்டுக்கும் நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசாமி கோயிலுக்கும் எவ்வளவு தூரம்? அந்த மதிலுக்குள்ள அம்மச்சிப் பிலாவு நிக்கிதே, அதுக்க கதை என்னன்னு உனக்க அம்மை சொல்லித் தரல்லியா? எட்டுவீட்டுப் பிள்ளைமார் துரத்தினப்போ மார்த்தாண்ட வர்மா ஒளிஞ்சது அந்தப் பிலா மரப் பொந்துலயாக்கும். ஒளிஞ்சவனைப் பேடின்னு எவனும் சொல்லல்ல. 1729ல அவன் ராஜா ஆனான், 1741ல குளச்சல்ல டச்சுக்காரனைத் தோக்கடிச்சான், பிலாவுக்கும் கோயில் மரியாதை கிடைச்சுது. நீயா இருந்தா பொந்தை விட்டு வெளிய வந்து, "வாங்கலே ஒத்தைக்கு ஒத்தை"ன்னு நின்னிருப்பே. திருவிதாங்கூர் சரித்திரம் அன்னைக்கே முடிஞ்சிருக்கும்.

கடுவாக்கு அந்தப் புத்தி உண்டு. அது தனியாளு. காலு ஒண்ணு பிசகிப்போனா, பல்லு ஒண்ணு உடைஞ்சா, மான் பிடிக்க முடியாது. மான் பிடிக்க முடியாட்டா பட்டினி. அதுக்கு ஆசுபத்திரியும் இல்ல, ரேசன் கடையும் இல்ல. காயம்பட்ட கரடி ஒரு புத்தைத் தோண்டி நாலு நாள் ஓட்டிரும். அதனால கடுவா கணக்குப் பாக்கும்: இந்தக் கரடியத் தின்னு எனக்கு என்ன லாபம், தின்னுததுக்கு முன்னே எனக்க கண்ணுல ஒண்ணு போனா என்ன நட்டம்? பெரும்பாலும் ரெண்டும் கொஞ்ச நேரம் முறைச்சுட்டு, தொடாமலே பிரிஞ்சு போயிரும்.

பாறசாலைக்காரன் அடுத்த சாட்சியா ஜாம்பவானைக் கொண்டு வந்தான். கிருஷ்ணனோடே 28 நாள் மல்லுக்கட்டின கரடின்னான். கொள்ளாம், பாகவதத்துல அப்படித்தான் இருக்கு. ஆனா முழுசும் சொல்லணும். 28 நாளும் அடிச்சு ஓய்ஞ்சு, சண்டைக்குக் காரணமான மணியையும் குடுத்து, மகள் ஜாம்பவதியையும் கட்டிக் குடுத்து மாமனாரான கரடியாக்கும் அது. அந்த மருமகன் இப்போ நெய்யாற்றின்கரையில வெண்ணெயும் கையுமா நிக்கான். களியக்காவிளைக்காரன் சும்மா இருப்பானா, ஐயப்பசாமிக்க புலியைக் கொண்டுவந்தான். சாமி வாகனங்களைச் சாட்சிக்கூண்டுல ஏத்தினா எலிக்கும் கேசு நடத்தணும். ரெண்டு மனுவும் தள்ளுபடி.

கணக்கு வேணும்னு அடம்பிடிச்சா, ருசியாவுக்க கிழக்குக் கோடிக்குப் போவணும். அங்கத்தக் கடுவாயும் பெருசு, அங்கத்தத் தவிட்டு நிறக் கரடியும் நம்ம கரடியை மடியில வச்சித் தாலாட்டுத அளவுக்குப் பெருசு. அவங்க பதிஞ்சு வச்ச 44 மோதல்ல 22ல கரடி செத்திருக்கு, 12ல கடுவா செத்திருக்கு, 10ல ரெண்டும் உயிரோட போயிருக்கு. பாத்தா கடுவா பக்கம் கனம் கூடுதல். ஆனா கடுவா அங்க அடிக்கது கூடுதலும் பெண் கரடியையும் இளசையும்தான். பெரிய ஆண் கரடிகிட்ட வாலாட்டாது. சில கரடிங்க கடுவாக்க காலடித் தடத்தை மோந்துக்கிட்டே பின்னால போய், அது அடிச்சு வச்ச மானைப் பிடுங்கித் தின்னும். உழைச்சவன் ஒருத்தன், தின்னுதவன் ஒருத்தன். நம்ம பஞ்சாயத்துல நடக்காத காரியமா?

இனி உங்களுக்குப் பிரயோசனப்படுத விசயத்துக்கு வாறேன். காட்டுக்குள்ள யாரு ஜெயிச்சா உனக்கென்ன? ரப்பர் விளையில உனக்கும் அதுக்கும்தான் சண்டை வந்தா என்ன பண்ணுவ?

அங்க கரடியாக்கும் பெரிய ஆபத்து, எழுதி வச்சிக்கோ. கடுவா உன்னை முதல்ல பாத்துடும், பாத்துட்டு விலகிரும். கரடிக்குக் கண்ணு மந்தம், காதும் அப்படித்தான். தலையைப் புத்துக்குள்ள விட்டு உறிஞ்சிக்கிட்டு நிக்கும்போது நீ பத்தடி தூரத்துல போய் நின்னா, அது எழும்பிப் பாக்கும். பாத்தா ஓடணும்னு அதுக்குத் தோணாது. கடுவாயோட காலகாலமாச் சேந்து வளந்த சாதி அது. எதிர்த்தாத்தான் உயிருன்னு ரத்தத்துல எழுதியிருக்கு. உன்னையும் கடுவான்னு நினைச்சிட்டு மேல விழும். ஆயுசுல ஒரே ஒரு தடவை உன்னை ஒருத்தன் புலின்னு நினைக்கான், அது கரடியா இருக்கும். குட்டி இருந்தா இன்னும் மோசம். கரடிகள்ல குட்டியை முதுகுல சுமந்துக்கிட்டுத் திரியுத வழக்கம் இதுக்குத்தான் உண்டு, அதுவும் கடுவாக்குப் பயந்துதான்.

2022 நவம்பர்ல மலைக்கு அந்தப் பக்கம், கடையம் பக்கத்துல, மசாலாச் சாமான் விக்கப் போன ஒரு ஆளைக் கரடி தள்ளிப் போட்டுக் கடிச்சுது. காப்பாத்தப் போன ரெண்டு பேரையும் விடல்ல. சுத்தி ஆளு நின்னு கல்லெறிஞ்சும் அது இடத்தை விட்டு நகரல்ல. கடைசியில மயக்க ஊசி போட்டுத்தான் பிடிச்சாவ. கென்னத் ஆண்டர்சன் எழுதி வச்சிருக்க மைசூர்க் கரடியைக் கேட்டிருக்கியளா? அரசீக்கெரை பக்கத்துல குறைஞ்சது 12 பேரைக் கொன்ன கரடி அது. கடுவாக்குக் கெட்ட பேரு, கரடிக்குக் குழந்தைகளுக்க பொம்மைக் கடை. லோகம் அப்படி.

அதனால வெளுப்பாங்காலம் நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டுப் பால்வெட்டப் போறவன் பேசிக்கிட்டே போணும். தனியாப் போனா பாட்டுப் பாடு. உனக்க பாட்டைக் கேட்டா கரடியில்ல, குடியிருக்கவங்களே ஊரை விட்டுப் போவாவ. காதுல வயரைச் சொருகிக்கிட்டுப் போவாத. வீட்டு நாயைத் துணைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு பெருமை பேசாத. நாய் போய்க் கரடியை உசுப்பேத்திட்டு, அதைக் கூட்டிக்கிட்டு உனக்க காலடிக்குத்தான் வரும். எட்டத்துல கண்டா பைய வந்த வழியே திரும்பு. ஓடி ஜெயிக்கலாம்னு நினைக்காத, அந்தத் தொப்பையப் பாத்து ஏமாறாத, அது உன்னைவிட வேகம். மேல விழுந்துட்டா குப்புறப் படுத்து ரெண்டு கையையும் பிடரிக்கு மேல கோர்த்துக்கோ. முகத்தை மட்டும் காட்டாத. இன்ஸ்டாகிராமுக்கு அந்த முகம் வேணுமில்லியா?

இனி நம்ம பக்கத்து நடப்பு. நெய்யாறு அணையில 1984ல நாலு சிங்கத்தைக் கொண்டுவந்து சபாரி பார்க்குன்னு வச்சாவ. பெருகிப்போச்சு. பெருகினதும் பயந்துபோய்க் குடும்பக் கட்டுப்பாடு பண்ணினாவ. 2021ல கடைசிச் சிங்கமும் செத்துப்போச்சு. கடுவாகிட்டயும் தோக்காம, கரடிகிட்டயும் தோக்காம, சர்க்கார் பைலுகிட்டத் தோத்த சிங்கம் உலகத்துல நம்ம சிங்கம்தான்.

அதே பார்க்குக்கு 2020 அக்டோபர்ல, வயநாட்டுல ஆடு பிடிச்சுத் திரிஞ்ச ஒரு பெண் கடுவாயைக் கூண்டோட கொண்டுவந்தாவ. அக்டோபர் 31ந் தேதி அது கூண்டை விட்டு வெளிய சாடிருச்சு. அணைக்குச் சுத்துவட்டாரத்துல ஒரு கதவும் தொறக்கல்ல. மறுநாள் மயக்க ஊசி போட்டுப் பிடிச்சாவ. மறுநாள் எந்த நாளுன்னு பாத்தியளா? நவம்பர் 1. 1956ல இதே நாள்லதான் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நாலும் தமிழ்நாட்டுக்கும், நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும்னு கோடு போட்டாவ. அந்தக் கடுவா எந்த மாநிலத்துக்குப் போலாம்னு யோசிக்குததுக்குள்ள ஊசி விழுந்துருச்சு.

2023 இருக்கே, அதுதான் உங்களுக்க பந்தயத்தைக் காடே நடத்திப் பாத்த வருசம். ஏப்ரல் மாசம், காட்டாக்கடை தாண்டி வெள்ளநாட்டுல ஒரு கரடி ராத்திரி கோழி பிடிக்க வந்து கிணத்துல விழுந்துருச்சு. காலையில ஊரே கிணத்தைச் சுத்தி. வலையைக் கீழ கட்டிட்டு மயக்க ஊசி போட்டாவ. ஊசி வேலை செஞ்சுது, வலை வேலை செய்யல்ல. மயங்கின கரடி நழுவி வெள்ளத்துல முங்கிருச்சு. வெளிய எடுக்கும்போது உயிரில்ல. மூணு மாசம் கழிஞ்சு ஜூலையில இந்தப் பக்கம், சிற்றாறு, பேச்சிப்பாறை ரப்பர் தோட்டங்கள்ல ஆட்டையும் மாட்டையும் பிடிச்சுத் தின்ன ஒரு கடுவாயைத் தேடி வனத்துறைக்காரங்க கூண்டும் கேமராவுமா அலைஞ்சு, பத்துகாணி பக்கத்துல ஊசி போட்டுப் பிடிச்சாவ. பத்துகாணிக்கு அந்தப் பக்கம் ஏறி இறங்கினா நெய்யாத்துக் காடு. ஒரே மலையில உள்ள கரடியும் கடுவாயும், ஒரே வருசம், எல்லைக்கு அங்கொண்ணும் இங்கொண்ணும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடல்ல. ரெண்டையும் தோக்கடிச்சது ஒரு ஊசி.

கணக்கெடுப்புல 2022ல கேரளத்துக் கடுவா 213ன்னாவ, தமிழ்நாட்டுக் கடுவா 306ன்னாவ. காலையில களக்காட்டுலயும் சாயங்காலம் நெய்யாத்துலயும் நிக்க கடுவாயை எவன் பேருல எழுதினாவளோ. வெள்ளத்தை மட்டும் இவ்வளவு தாராளமா எழுதுதில்ல. நெய்யாறு இடதுகரைக் கால்வாய்ல 2004லேருந்து விளவங்கோட்டுக்கு வெள்ளம் வரல்ல. கடுவாக்கு 1973லயே ஒரு திட்டம் போட்டாச்சு. கரடிக்கு 2022லதான் அக்டோபர் 12ன்னு ஒரு நாளு ஒதுக்கினாவ. பாறசாலைக்காரா, உனக்க ஆளுக்கு இப்பத்தான் பிறந்தநாளே கிடைச்சிருக்கு, நீ அதுக்குள்ள பட்டாபிசேகம் பண்ணுக.

சரி, தீர்ப்பு. பின்னாலேருந்து வந்தா கடுவா. நேருக்கு நேரா நின்னா, குட்டியும் கூட இருந்தா, கடுவாயே கேசை வாபஸ் வாங்கிரும். பலம் கடுவாக்கு, பிடிவாதம் கரடிக்கு. பந்தயம் சமன். பந்தயப் பொருளு கோர்ட்டுல கட்டணும், அது நடுவருக்க வீட்டுக்குப் போவும். அப்பீலு போறவன் அகத்தியர்கூடத்துக்கு ஏறிப்போய்க் கேட்டுட்டு வரலாம். நான் தடுக்க மாட்டேன், ஆனா பொறோட்டாவைத் திருப்பித் தரமாட்டேன்.

போகும்போது ஒரு வேலை செய்யுங்க. உங்களுக்க புரையிடத்துக் கிணத்துக்கு இடுப்பளவு சுத்துச்சுவர் இருக்கான்னு பாருங்க. இல்லாட்டா கட்டுங்க, மேல கம்பிவலை போடுங்க. கோழிக்கூட்டை ராத்திரி பூட்டுங்க. பழுத்து விழுத சக்கையை அன்னன்னைக்கே பெறக்கி எடுங்க. எப்பவாவது ஒரு கரடி கிணத்துல விழுந்தா, போனைத் தூக்கி வீடியோ எடுக்காம, பக்கத்து வீட்டு மோட்டாரைத் தூக்கிக்கிட்டு ஓடி வாங்க. ஊசியோட வாற சாருமாருகிட்ட நாலு பேரு சேந்து சொல்லுங்க: முதல்ல கிணத்து வெள்ளத்தை இறைங்க, பிறகு ஊசியைப் போடுங்க.